சோப்புக்கு ஸ்பூன் கணக்கு ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மகளிர் பக்கத்தில் வந்த ‘ரசாயனமில்லாக் குளியல் சோப்பு’ செய்முறையைப் படித்தோம். தலைப்பில் ரசாயனமில்லை, இரண்டாவது வரியிலேயே ‘ஒரு கப் எண்ணெய்க்கு இரண்டு ஸ்பூன் காஸ்டிக் சோடா’! காஸ்டிக் சோடா என்ற காரத்தைச் சேர்ப்பதில் தப்பில்லை. அது எண்ணெயோடு முழுதாகச் சேர்ந்துவிட்டால் சோப்புக் கட்டியில் காரமாக மிஞ்சாது. தப்பு அந்த ஸ்பூனில்தான்.

செதிலா, குருணையா என்பதைப் பொறுத்து ஸ்பூனில் ஏறும் எடை மாறும். சோப்பாக மாற எண்ணெய்க்கு எண்ணெய் பிடிக்கும் காரமும் மாறும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெய் 250, நல்லெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50 கிராம் எடுத்தால் 79 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். அதில் 5 சதவீதம் குறைத்து 75 கிராம் போட வேண்டும். சோப்பாகாமல் மிஞ்சும் அந்தக் கொஞ்சம் எண்ணெய்தான் தோலுக்கு இதம். தண்ணீர் 150 கிராம். தேங்காய் எண்ணெய் இல்லையென்று முழுக்க நல்லெண்ணெயை ஊற்றி அதே 75 கிராமைப் போட்டால், எண்ணெய் பிடிப்பது 67 கிராம்தான். மீதி 8 கிராம் கட்டிக்குள்ளேயே நின்று தோலை அரிக்கும். கிராம் தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் நுரையும் கெட்டியும் தரும். பாதிக்கு மேல் போனால் தோல் வறளும். வறண்ட தோல்காரர்களுக்கு 30 சதவீதம் போதும், காரத்தை மறுபடி கணக்கிட்டுக்கொண்டு. விளக்கெண்ணெய் கூடினால் கட்டி பிசுபிசுக்கும்.

செய்முறையில் சொன்ன எலுமிச்சைச் சாறு வீண். அதன் புளிப்பு காரத்தோடு சேர்ந்து உப்பாகிவிடும், கணக்கும் பிசகும். அரைத்த செம்பருத்தி நிறம் மங்கிப் பழுப்பாகும். மஞ்சள்தூள் காரம் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். வாசனைத் தைலம் 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம். பட்டை, கிராம்புத் தைலம் எரிச்சல் தரும். குழந்தை சோப்புக்கு வாசனையே தேவையில்லை.

அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும், எவர்சில்வரே சரி. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், தண்ணீரில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் 40 டிகிரிக்கு ஆறிய பிறகு எண்ணெயில் ஊற்றி, தோசைமாவுப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் வாருங்கள். குழாய் அடைப்பு நீக்கும் தூளில் காஸ்டிக் சோடாவோடு வேறு பொருள்களும் கலந்திருக்கும். அதைத் தொடவே கூடாது.

மறுநாள் வெட்டி, 4 முதல் 6 வாரம் காற்றில் உலர விடுங்கள். மேலே மெல்லிய வெள்ளைப் பொடி படிந்தால் கழுவினால் போகும். வெட்டிய முகத்தில் வெள்ளைக் குருணையோ, நீர் கசியும் குழியோ தெரிந்தால் காரம் கலக்காமல் நின்றுவிட்டது. அந்தக் கட்டியை உடம்பில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சோப்புத் தயாரிப்புப் பயிற்றுநர்கள்,
ஈரோடு.