லிட்டருக்கு எத்தனை நிமிடம்?

சிவமயம்

காரைக்குடி
16.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. நானும் அப்பச்சியும் நலம். நீயும் மருமகளும் பேரனும் நலந்தானே? இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வளவில் ஒரு வற்றல்கூடக் காயவைக்க முடியவில்லை. தீபாவளி ஆர்டர் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கைமுறுக்கும் சீப்புச்சீடையும்தான் இந்த வருடம் அதிகம் போனது. மனகோலம் கேட்பவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள், அதுதான் கொஞ்சம் வருத்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனத்தை விட்டுப் போகவில்லை. அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் சண்டை மாதிரி ஆகிவிடும், கணக்கும் பாதியில் விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீபாவளிக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்: ‘வேலைக்கு வருகிற மூன்று பேருக்குப் பெட்ரோல் படி என்று மாதம் 4,500 ரூபாய் எழுதியிருக்கிறாயே ஆத்தா, அது எதற்கு? சிங்கப்பூரில் ஒரு லிட்டர் 2.80 டாலர், நம் பணத்துக்கு 190 ரூபாய். அங்கே நூறு ரூபாய்தானே, மலிவுதானே?’

நீ பெருக்கியதில் தப்பில்லை தம்பி. டாலரை ரூபாயாக்கினால் 190தான் வரும். ஆனால் அந்த 190 ரூபாயை யார் கொடுக்கிறார்கள், எதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது அதில் இல்லையே.

புதுவயலுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற அக்காவை உனக்குத் தெரியும். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது உன் விரலைப் பிடித்து முறுக்குச் சுற்றக் காட்டிக்கொடுத்தவர். இன்றைக்கும் அவர் கைக்கு ஈடாக ஆள் இல்லை. அவருக்கு நாம் கொடுக்கும் நாள் கூலி 450 ரூபாய். வீட்டிலிருந்து இங்கே வந்து போக 30 கிலோமீட்டர். அந்தப் பழைய டி.வி.எஸ். எக்ஸெல் லிட்டருக்கு ஐம்பது கொடுத்தால் பெரிது. ஆக, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், அறுபது ரூபாய். எட்டு மணி நேர வேலைக்கு 450 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 56 ரூபாய். நாம் படி கொடுக்காவிட்டால், காலையில் வந்து மாவு பிசைந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவர் உழைக்கும் முதல் ஒரு மணி நேரம் முழுக்க, வந்து போன பெட்ரோலுக்கே சரியாகிவிடுகிறது. இரண்டாவது மணி நேரத்திலிருந்துதான் அவர் வீட்டுக்காக உழைக்கிறார்.

இதே கணக்கை உன் ஊருக்கும் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரில் முழுநேர வேலையில் இருக்கும் உள்ளூர்க்காரர்களில் சரியாக நடுவில் நிற்பவரின் மாத வருமானம் 2024இல் 5,500 டாலர், முதலாளி கட்டும் சேமநிதியையும் சேர்த்து. மாதம் 22 நாள் வேலை என்று வைத்தால் மணிக்கு 31 டாலர். நம் அக்கா போடும் அதே பெட்ரோலை அவர் அங்கே போட்டால் 1.68 டாலர் ஆகும். அதைச் சம்பாதிக்க அவருக்கு மூன்று நிமிடம் போதும்.

இங்கே ஒரு மணி நேரம், அங்கே மூன்று நிமிடம். இப்போது சொல், எங்கே மலிவு?

அந்த நடுவில் நிற்பவர் பாதி நாள் ரயிலில்தான் போகிறார், கார் வைத்துக்கொள்ளும் உரிமத்துக்கே அங்கே பெரிய விலை என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதுவும் கணக்கில் சேர வேண்டியதுதான். பெட்ரோல் இல்லாமலே போய் வர அவருக்கு ஒரு வழி இருக்கிறது. நம் அக்காவுக்கு அது இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது பெரிய உதவி, நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கிராமத்துக்கு முதல் வண்டி ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது. நம் வீட்டில் அடுப்பு ஐந்தரைக்கே மூட்டியாக வேண்டும். அந்த வண்டி நம் வேலைக்கு உதவாது.

நடுவில் நிற்பவரை வைத்தே எல்லாவற்றையும் பேசிவிடவும் முடியாது. நீ இருக்கும் ஊரிலேயே லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டட வேலைக்குப் போகும் நம் பக்கத்துப் பையன்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு அந்த 31 டாலர் கிடையாது. கோயிலில் அவர்களைப் பார்த்தால் பேசு.

சரி, மற்ற ஊர்களுக்கு வருகிறேன். இந்த ஒரு வாரமாக யார் போன் பண்ணினாலும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பச்சிக்கே அலுத்துவிட்டது.

அமெரிக்காவில் மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009க்குப் பிறகு அதை உயர்த்தவே இல்லை. அந்தக் கடைசிக் கூலிக்காரர்கூட ஒரு மணி நேரம் உழைத்தால் இரண்டு கேலனுக்கு மேல், அதாவது எட்டு லிட்டர் பெட்ரோல் வாங்கலாம். நம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் வருடக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கண்மாயில் மண் வெட்டினால் மூன்று லிட்டரும் கொஞ்சமும். அங்கே ஒரு மணி நேரத்துக்கு எட்டு, இங்கே ஒரு நாளைக்கு மூன்று. அமெரிக்காவில் இருக்கும் உன் சித்தப்பா பையன் அங்கே விலை ஏறிவிட்டது என்று புலம்பினான். அவனுக்கும் கஷ்டம் இருக்கும். அந்த ஊரில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாதாம்.

உனக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவைப் பார். பல வருடம் லிட்டர் 2.05 ரிங்கிட்டில் கட்டி வைத்திருந்தார்கள். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டினால் 1.99 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதச் சம்பளத்துக்கு 850 லிட்டர் வரும். நம் அக்காவுக்கு 25 நாள் கூலி 11,250 ரூபாய், அதில் 111 லிட்டர். அங்கே மலிவாக இருப்பதால்தான் சிங்கப்பூர் வண்டிகள் முக்கால் டேங்க் நிரப்பிக்கொண்டுதான் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று உங்கள் ஊரில் சட்டமே வைத்திருக்கிறார்கள். மலேசிய அரசு அந்த மலிவுக்குத் தன் கஜானாவிலிருந்து கொடுக்கிறது. எத்தனை நாளைக்குக் கொடுக்க முடியும் என்ற கவலையும் அவர்களுக்கு உண்டு.

கொடுத்துக்கொண்டிருந்ததை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியா இருக்கிறது. உன் பெரியம்மா மாப்பிள்ளை லாகோஸில் இருந்து சொன்னார். 2023 மே 29இல் புது அதிபர் பதவியேற்ற அன்றே பெட்ரோல் மானியம் இனி இல்லை என்றார். 200 நைராவுக்குக் கீழே இருந்த லிட்டர் சில நாளில் 500க்கு மேல் போனது, அடுத்த வருடம் ஆயிரத்தைத் தாண்டியது. ஆயிரம் நைரா என்பது அப்போது நம் பணத்துக்கு ஐம்பது ரூபாய் சொச்சம். உன் கணக்குப்படி அது நம் ஊரைவிடப் பாதி மலிவு. ஆனால் உயர்த்திக் கொடுத்த பிறகும் அங்கே மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 70,000 நைராதான். மாதச் சம்பளம் முழுவதையும் கொட்டினாலும் 70 லிட்டர். கரண்டு நிற்காத ஊர் இல்லை, வீட்டு ஜெனரேட்டருக்கும் அதே பெட்ரோல்தான் வேண்டும். மண்ணுக்கடியில் எண்ணெய் வைத்திருக்கும் நாடு அது.

கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க டாலரில் கிட்டத்தட்ட ஒரே விலை. நம் நாடு நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அதன்மேல் ஒவ்வொரு அரசும் தன் வரியைப் போடுகிறது, அல்லது தன் பணத்தைக் கொடுத்துக் குறைக்கிறது. நம்மிடம் 2020இல் கச்சா எண்ணெய் விழுந்தபோது அந்த மே மாதம் பெட்ரோலுக்குப் பத்து ரூபாய் வரியை ஏற்றினார்கள், விலை இறங்கவில்லை. அப்புறம் 2021 நவம்பரில் ஐந்து, 2022 மே மாதம் எட்டு என்று குறைத்தார்கள். நம் மாநிலமும் 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்தது. எண்ணெய் விலை இப்படி டாலரோடு சேர்ந்து ஏறுகிறது. கூலி அப்படி ஏறுவதில்லை. முறுக்குச் சுற்றும் கைக்கு டாலரில் விலை வைப்பார் யாரும் இல்லை.

இந்தக் கணக்கு நானாகக் கண்டுபிடித்தது இல்லை தம்பி. என் அய்யா, அதாவது தாத்தா, சொல்லிக்கொடுத்தது. அவர் பதினாறு வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போனவர். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாக ஆகி, கடை முழுவதையும் பார்த்தவர். எதை விலை சொன்னாலும் ‘அது எத்தனை கூடை நெல்லு?’ என்றுதான் கேட்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவருக்கு அது பழக்கதோஷம் என்றே நினைத்தோம்.

பின்னால் ஒரு நாள் பட்டாலையில் உட்கார்ந்து அவரே சொன்னார். 1930இல் நெல் விலை சரிந்தது, பாதிக்கு இறங்கிவிட்டது. பர்மாக்காரக் குடியானவர் வாங்கியிருந்த கடன் ரூபாயில் அதேதான், ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஆனால் அதை அடைக்க முன்னே நூறு கூடை போதும் என்றிருந்த இடத்தில் இருநூறு கூடை வேண்டும். விளைச்சல் அதே நூறுதான். ‘பேரேட்டில் தொகை மாறவே இல்லை, அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. அவன் வயலில் அது இரண்டு மடங்காகிவிட்டது’ என்றார். கடன் திரும்பாமல் நிலங்கள் வந்தன. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் நம் செட்டியார்கள் பேரில் இருந்தது. அப்புறம் யுத்தம் வந்து, 1942இல் அத்தனையையும் விட்டுவிட்டு நடந்தே வந்தவர்களில் அய்யாவும் ஒருவர். நம் வீட்டுத் தூண்களைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேச்சு நினைவு வரும். அது பர்மாத் தேக்கு.

ஆகவே தம்பி, ஒருவர் கையில் இருக்கும் அளவுகோலால்தான் அவர் கொடுக்கும் விலையை அளக்க வேண்டும். அன்றைக்கு அது நெல்லுக் கூடை, இன்றைக்கு அடுப்பு முன்னால் உட்காரும் ஒரு மணி நேரம். நீ அனுப்பும் பணத்தை ரூபாயாக மாற்றும்போது நமக்குச் சந்தோஷமாக இருக்கிறது, உண்மைதான். அதே மாற்றத்தை நம் ஊர்க் கூலிக்காரர்மேல் போட்டுப் பார்க்காதே.

கொழும்பில் 2022இல் நடந்ததும் உனக்கு நினைவிருக்கும். 2021 டிசம்பரில் 177 இலங்கை ரூபாய்க்கு விற்ற பெட்ரோல் ஆறு மாதத்தில் 470. செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நம் சொந்தக்காரர், வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு நாலு லிட்டர் என்று ‘க்யூஆர்’ அட்டை கொடுத்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது என்றார். அதற்கு முன் நாள்கணக்கில் வரிசை. நாள் கூலிக்காரர் வரிசையில் நின்றால் அன்றைய கூலியும் போச்சு. அந்த விலை எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

பெட்ரோல் படியை நான் நிறுத்தப்போவதில்லை. தை மாதத்திலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு அறுபதை எழுபது ரூபாயாக்கலாம் என்று அப்பச்சியிடம் சொன்னேன், சரி என்றுவிட்டார். முறுக்கு விலையில் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூட்டினால் அது சரியாகிவிடும். உனக்கு ஒரு வேலை மட்டும் இருக்கிறது. நீ போட்டுக்கொடுத்த கணக்குத் தாளில் அந்தத் தொகை ‘இதர செலவு’ என்ற வரியில் விழுகிறது. எனக்கு அதை மாற்றத் தெரியவில்லை. அதை எடுத்து ‘கூலி’ என்ற வரியில் போட்டுக்கொடு.

பிள்ளையார் நோன்புக்கு இழை (திரி வைத்த மாவு) எடுத்துக்கொள்ள மறந்துவிடாதே. பேரனுக்கும் சேர்த்து எடு. அடுத்த வாரம் வருகிறவர் கையில் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
ஆத்தா