கையில் ஒன்றரை மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் பின்னால் ஒரே ஹாரன் சத்தம், "அப்புறம் கூப்பிடறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். வண்டியை நிறுத்தாமல் இதைப் படிக்க முடியாது அல்லவா.

பொங்கலுக்கு வந்தபோது என் போனில் 'இன் டைம்' என்று ஒரு படம் ஏற்றிவிட்டுப் போனாயே, பார்த்துவிட்டேன். கீழே ஓடும் இங்கிலீஷை நிறுத்தி நிறுத்திப் படித்ததில் பல நாள் இழுத்துவிட்டது. 2011-இல் வந்த படமாம். அந்த வருஷம் நவம்பரில்தான் இங்கே பஸ் கட்டணமும் பால் விலையும் ஒன்றாக ஏறின.

நல்ல கற்பனைதான். 25 வயதுக்கு மேல் யாருக்கும் வயது ஏறுவதில்லை, ஆனால் அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்கான கடிகாரம் கையில் பச்சையாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. சம்பளமும் நேரம், விலையும் நேரம். ஒரு காப்பிக்கு 4 நிமிடம். கையில் எண் தீர்ந்தால் ஆள் தீர்ந்தான். சண்டை, துரத்தல் எல்லாம் எனக்கு ஒட்டவில்லை. அந்த பஸ் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த அம்மா கடனைக் கட்டிவிட்டு வருகிறாள். கையில் மிச்சம் ஒன்றரை மணி நேரம். பஸ்ஸுக்கு 1 மணி நேரம்தான் என்று நம்பி ஏறினால், 2 மணி நேரமாக ஏற்றிவிட்டோம் என்கிறான் டிரைவர். மகன் வந்து மீதியைத் தருவான் என்று கெஞ்சுகிறாள். கேட்கவில்லை. நடந்தால் 2 மணி நேரத் தூரம். ஓடுகிறாள். மகனும் எதிரே ஓடி வருகிறான். அவன் கை படுவதற்குள் எண் தீர்ந்துவிடுகிறது.

அம்மாவும் பார்த்தாள். "அந்த டிரைவர் விளங்குவானா" என்றாள். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. 2018 ஜனவரியில் சாயங்காலம் அறிவித்து விடிந்தால் அமல் என்று கட்டணத்தை ஏற்றினார்களே, 20-ஆம் தேதி முதல் டிரிப் கண்டக்டராக நான்தான் போனேன். மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்கப் போகிறவர்கள் எண்ணி முடிந்த சில்லறையோடு ஏறினார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொட்டினால் ஒவ்வொருவருக்கும் இரண்டு ரூபாய், நான்கு ரூபாய் குறைகிறது. செக்கிங் ஏறினால் பதில் சொல்ல வேண்டியவன் நான். இரண்டு பேருக்கு என் பேட்டாவிலிருந்து போட்டேன். மூன்றாவது ஆளிடம் இறங்கச் சொன்னேன். கட்டணத்தை ஏற்றியவன் ஒருநாளும் படிக்கட்டில் நின்று பதில் சொல்வதில்லை, தம்பி. இப்போது சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை, 2021-லிருந்து அது ஒரு நிம்மதி.

அப்புறம் அந்த டைம் கீப்பர். நம் பஸ் ஸ்டாண்டிலும் டைம் கீப்பர் உண்டு, ஐந்து நிமிடம் பிந்தினால் நோட்டில் எழுதுவார், அவ்வளவுதான். படத்தில் அவன் போலீஸ். ஏழைகளின் நேரம் பணக்காரர் பேட்டைக்கே திரும்பிப் போகிறதா என்று காவல் காக்கிறான், ஆனால் அவன் கையிலும் அன்றாடப் பேட்டா மட்டும்தான். கடைசியில் துரத்துகிற வேகத்தில் அதை வாங்க மறந்து, நின்ற இடத்திலேயே சாகிறான். அவனும் அந்த ஏழைப் பேட்டையில் பிறந்தவனே.

இன்னொன்றையும் கவனித்தேன். பணக்காரர்கள் இருக்கும் இடத்தில் யாருமே ஓடுவதில்லை. அந்த பஸ் அம்மாவின் மகன் அங்கே போய் வேகவேகமாகச் சாப்பிடுகிறான், பரிமாறுகிறவளே நீ இந்த ஊர் இல்லை என்று கண்டுபிடித்துவிடுகிறாள். பத்து நிமிடத்தில் சாமான் வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்று யாரோ ஒருவர் சோபாவில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்து நிமிடமும் சிக்னலில் வேறொருவன் தலையில்தானே ஓடுகிறது? பேப்பரில் படித்தேன், அதனால் சொல்கிறேன். வண்டியை எடுத்தால் ஹெல்மெட் போட்டுக்கொள். கொக்கியை மாட்ட வேண்டும், சும்மா கவிழ்த்து வைத்துக்கொள்ளக் கூடாது.

நீ காலேஜ் மலரில் எழுதிய கட்டுரை இன்னும் பிளாஸ்டிக் கவரில் என் பீரோவில் இருக்கிறது. ஹார்லன் எலிசன் 1965-இல் எழுதிய கதையைப் பற்றி எழுதினாயே, பிந்துகிற நிமிடங்களையெல்லாம் ஆயுளில் கழித்துவிடுவார்கள் என்று. ஒருவன் மிட்டாயைக் கொட்டி ஷிப்ட் ஆட்களைச் சிரிக்க வைத்து, ஊர்க் கணக்கையே 7 நிமிடம் பிந்த வைப்பான். டெப்போவில் எல்லோரிடமும் காட்டினேன், பாதிப் பேருக்குப் புரியவில்லை, இருந்தாலும் பாராட்டினார்கள். அவ்வளவு எழுதத் தெரிந்தவனுக்கு வீட்டுக்கு நாலு வரி எழுத நேரமில்லை.

அந்த ஊமைப்படமும் நீ காட்டியதுதான். 1927-இல் ஜெர்மனியில் வந்த 'மெட்ரோபோலிஸ்'. முதலாளி மகன் ஒரு தொழிலாளியின் டியூட்டியை வாங்கிக்கொண்டு, கடிகாரம் போன்ற மிஷினின் முள்ளை இழுத்து இழுத்து, பத்து மணி நேரம் முடியவே முடியாதா என்று கதறுவான். ஒரு ஷிப்டுக்கே அந்தக் கதறல். தினமும் அதைப் பார்த்தவன் கதறினானா என்று யார் கேட்டார்கள்?

அத்தை மகன் போன வாரம் மெட்ராஸ் வந்திருந்தான். வேளச்சேரி பக்கம் ராத்திரி பதினொரு மணிக்கு மழையில் உன்னைப் போல ஒருவனைப் பார்த்தானாம். ஒரே சாயலில் பத்துப் பேர் இருப்பார்கள், அவன் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்கா கல்யாணக் கடன் போன மாதத்தோடு முடிந்தது, பத்திரத்தை வாங்கி வந்துவிட்டேன். இனி அதற்கென்று நீ எதுவும் அனுப்ப வேண்டாம். என் பென்ஷனே எங்களுக்குப் போதும். உன் ரூமில் ஒரு மாதம் வாடகை தள்ளிப்போனாலும் சொல், அனுப்பி வைக்கிறேன். எந்த வேலையானாலும் சரி, நான் தோள்பையும் விசிலுமாக நின்றே உங்களை வளர்த்தவன். என்னிடம் சொல்வதற்கு என்ன கூச்சம்.

பார்சல் ஒன்று போட்டிருக்கிறேன். பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு ரெயின்கோட், ஒரு ஹெல்மெட். ஆபீஸ் போகிறவனுக்கு ரெயின்கோட் எதற்கு என்று அம்மா கேட்டாள், மெட்ராஸ் மழை என்று சொல்லிவிட்டேன். பெரிய சைஸ்தான் எடுத்தேன், மேலே பை மாட்டினாலும் இறுக்காது. பில் உள்ளேயே இருக்கிறது, அளவு சேராவிட்டால் அங்கேயும் மாற்றித் தருவார்களாம். கிடைத்ததும் போன் பண்ணு. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் பண்ணு.

அன்புடன்,
அப்பா