இடிக்கிற காசில் ஒரு நடைபாலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முக்கோணம் முக்கோணமாகக் கோத்த பழைய இரும்பு டிரஸ் பாலங்கள் லாரி தாங்காது என்று ஆனபின், அவற்றை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுவதே புத்திசாலித்தனம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நடப்பவர்களுக்காவது விட்டுவைக்கலாமே என்பவர்கள் அவருக்குப் பழமைப் பித்தர்கள். நானும் அந்தப் பித்தர்களில் ஒருவன்தான். ஆனால் எங்கள் பக்கத்து வாதம் ஒன்றை முதலில் நானே மறுத்துவிடுகிறேன்.

"மனுஷன் நடந்தால் என்ன கனம் வந்துவிடப்போகிறது?" என்கிறார்கள். தப்பு. கூட்டம் நெருக்கியடித்து நின்றால் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். வரிசையாக நிற்கும் கார்களைவிட அது அதிகம். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. லாரிச் சக்கரம் ஓரிடத்தில் இறக்கும் பாரமும் ஓயாத அதிர்வும் நின்றுவிடும். கான்கிரீட் தளத்தைப் பெயர்த்துவிட்டு மரப்பலகை பாவினால், பாலம் எந்நேரமும் சுமக்கும் சொந்தக் கனமும் நன்றாகவே குறையும்.

அப்புறம் துரு. கண்ணுக்குத் தெரிகிற துரு பெரிய விஷயமில்லை. ரிவெட் (இரு முனையும் தட்டி இறுக்கிய இரும்பு ஆணி) அடித்த இரண்டு தகடுகளுக்கு நடுவே ஊறுகிற துருதான் ஆபத்து. இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். உப்பி உப்பித் தகட்டையே வளைத்துவிடும். அதன்மேல் பெயிண்ட் அடித்துத் திறப்பு விழா நடத்துவது ஏமாற்று வேலை. தகடுகள் சேரும் மூட்டுகளைப் பிரித்து, சுத்தம் செய்து, கெட்ட ரிவெட்டுக்குப் பதில் போல்ட் போட வேண்டும். சோதிக்காமல் வெல்டிங் வைக்கக்கூடாது; பழைய இரும்பில் கந்தகமும் பாஸ்பரஸும் அதிகமிருந்தால் விரிசல் விடும். பழைய பெயிண்டில் பெரும்பாலும் ஈயம் இருக்கும், சுரண்டியதை ஆற்றில் விட முடியாது.

சரி, இதற்கெல்லாம் பணம்? இடிப்பதும் இலவசமில்லையே. அமெரிக்காவின் சட்டனூகா நகரில் 1891இல் திறந்த வால்நட் தெருப் பாலத்தை 1978இல் வாகனங்களுக்கு மூடினார்கள். இடிக்க வைத்திருந்த பணத்தைச் சீரமைப்புக்குத் திருப்பி, 1993இல் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 700 மீட்டருக்கு மேல் நீளமான பாலம் அது.

ஆகவே இடிக்க டெண்டர் விடும் முன், இடிப்புச் செலவையும் சீரமைப்புச் செலவையும் பக்கம் பக்கமாக வைத்து வெளியிடச் சொல்லி உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். சீரமைப்புக் கணக்கில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: மூட்டுகளில் சேரும் மண்ணையும் பறவை எச்சத்தையும் வருடா வருடம் கழுவிவிட ஆள்கூலி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்