மீன் விற்கப் பட்டம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழோடு வந்த உயர்கல்வி இணைப்பில் பி.பி.ஏ. என்ற வணிக நிர்வாகப் படிப்பைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று இருந்தது. அதன் கடைசிப் பத்தியில் ஒரு வரி: ‘கடலோர மாவட்டங்களில் பி.பி.ஏ. முடித்த பலரும் ஊருக்குத் திரும்பி மீன்தான் விற்கிறார்கள். மீன் விற்கப் பட்டம் எதற்கு?’ கட்டுரையாளர் வேடிக்கையாக எழுதியிருப்பார். நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நான் பி.பி.ஏ. படித்தவள், பாம்பனில் கருவாடு விற்கிறேன். என் மகள் ராமநாதபுரத்தில் அதே பி.பி.ஏ. மூன்றாம் வருடம் படிக்கிறாள். கல்லூரி நூலகத்தில் இணைப்பைப் பார்த்தவள் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பி, கீழே “அம்மா, உன்னைப் பத்தித்தான் போட்டிருக்காங்க” என்று எழுதியிருந்தாள்.

எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

என் அப்பா வத்தையில், அதாவது சின்ன நாட்டுப் படகில், நண்டு வலைக்குப் போனவர். அந்த வலை ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. புது வலைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கினால் பிடிக்கிற நண்டை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்குத்தான் போட வேண்டும். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல, தங்களுக்கும் தெரியாததல்ல. கல்லூரி இரண்டாம் வருடத்தில் எங்களுக்குத் தேய்மானம் நடத்தினார்கள். மிஷின் வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பு குறையும், அந்தத் தொகையைக் கணக்கில் கழித்துக்கொண்டே வர வேண்டும் என்ற பாடம். அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்பாவின் வலைக்குக் கணக்குப் போட்டேன். வலைக்கு வாங்கிய முன்பணம் 9,000 ரூபாய். வெளியில் விற்பதைவிட வியாபாரி கிலோவுக்கு 8 ரூபாய் குறைத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ, வருடத்தில் 200 நாள் கடல் என்று வைத்தாலும் 16,000 ரூபாய். அதாவது 9,000 ரூபாய்க் கடனுக்கு வருடத்துக்கு 16,000 வட்டி. அசல் அப்படியே நிற்கிறது, வலையும் கிழிந்துவிட்டது.

அப்பா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருக்கு எழுத்து வராது, எண் வரும். ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை 200 ரூபாயை என் கையில் கொடுத்து, “இதை அந்தத் தேய்மானத்துல போடு” என்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். அடுத்த வருடம் எங்கள் வீட்டில் வலை ரொக்கத்துக்கு வந்தது. மீன் விற்கப் பட்டம் எதற்கு என்ற கேள்வியை அந்தப் பாட்டிலிடம் கேட்டிருக்க வேண்டும்.

கட்டுரையாளர் ஹென்றி ஃபயோலைப் பற்றி இரண்டு வரி எழுதி, ‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று முடித்திருந்தார். ஃபயோல் பிரான்சில் சுரங்கக் கம்பெனி நடத்தியவர். நிர்வாகத்துக்கு 14 கோட்பாடுகளை அவர் எழுதி வெளியிட்டது 1916ல். ஒரு தொழிலாளி ஒரே மேலாளருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கள் பேராசிரியர் சர்க்கரை ஆலையை உதாரணம் காட்டினார். எனக்கு விசைப்படகுதான் கண்ணில் நின்றது. ஓனரே கூட ஏறி வந்தாலும் கடலில் டிரைவர் சொல்தான். இழு என்றால் இழுக்க வேண்டும், அறு என்றால் வலையை அறுத்துவிட வேண்டும். இதைச் சுரைக்காய் என்று எங்கள் படகுத் துறையில் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

நான் படித்தது 1998 முதல் 2001 வரை. 1988ல் எங்கள் தீவுக்குச் சாலைப் பாலம் திறந்திருக்காவிட்டால் அதுவும் இல்லை. பாலம் வந்தது, பஸ்ஸும் வந்தது. பாம்பனில் நிற்குமா என்பது வேறு விஷயம். ராமேஸ்வரத்திலேயே யாத்ரீகர்கள் ஏறி நிறைந்துவிடும். கை காட்டினால் கண்டக்டர் பின்னால் வரும் பஸ்ஸைக் காட்டுவார். பின்னால் வருபவர் அதற்கும் பின்னால் காட்டுவார். வணிகப் புள்ளியியல் வாரத்தில் மூன்று நாள் முதல் பீரியட். அதில் ஒரு அரியர் வைத்துத்தான் தேறினேன், மறைக்கவில்லை. என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது ரயில் பாலத்தில் ரயிலே இல்லை. 2022 டிசம்பரில் நின்றது, புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகுதான் ஓடியது. அவளும் பஸ்ஸுக்குக் கை காட்டித்தான் படித்தாள்.

அப்புறம் கட்டணம். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும். உடனே சேர்க்கை, உடனே பணம். எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது கருவாட்டுக்கு மீன் ஏது? ‘பெற்றோர் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்’ என்று அதே இணைப்பில் ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். நல்லது. திட்டமிட்டோம், என் காதுத் தோடு திட்டமிடப்பட்டது.

சில வருடங்களுக்கு முன், சிறுதொழிலுக்கு வங்கியில் கொடுக்கும் முத்ரா கடனுக்குப் போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம். இரண்டு லட்சம் கேட்டேன். திட்ட அறிக்கை நானே தயாரித்தது. நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ, அதற்கு முன்னே பின்னே நிற்கும். வாலிநோக்கம் உப்பு, கூலி, ஐப்பசி மழையில் போகிற சரக்கு எல்லாம் போட்டு, மாதம் எத்தனை கிலோ விற்றால் கையைக் கடிக்காது என்று காட்டியிருந்தேன். அதிகாரி முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “கருவாட்டுக்கு ரிப்போர்ட்டாம்மா?” என்று பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். பிணை கேட்கக் கூடாத கடனுக்கு வீட்டுப் பட்டா கேட்டார். கடைசியில் 50,000 கிடைத்தது. உங்கள் கட்டுரையின் அந்த வரியைப் படித்தபோது எனக்கு அவருடைய சிரிப்புதான் கேட்டது.

தாங்களும் என்னைப் பற்றி ஒருமுறை பிரசுரித்திருக்கிறீர்கள். தங்கள் புகைப்படக்காரர் வந்து நான் மீன் காயப் போடுவதைப் படம் எடுத்தார். பெயர் கேட்டார், படிப்பு கேட்டார், எழுதிக்கொண்டும் போனார். மறுநாள் படத்தின் கீழே வந்தது ‘வெயிலை நம்பி வாழும் மீனவப் பெண்’. வெயிலை நம்பித்தான் வாழ்கிறேன், தப்பில்லை. ஆனால் கேட்டு எழுதிக்கொண்டு போனது எங்கே போயிற்று? கைது, புயல், ஆடி அமாவாசை, இந்த மூன்றுக்கும்தான் எங்கள் தீவு தங்கள் முதல் பக்கத்துக்கு வருகிறது.

படிப்பை மட்டம் தட்ட இடம் இருந்த கட்டுரையில், 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ.வும் பி.சி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டன, சேரும் முன் கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள் என எழுத ஒரு வரி இடம் இல்லை. பணம் கட்டப்போகிற பெற்றோருக்கு அதுவல்லவா வேண்டும்?

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, மறுப்பும் வேண்டாம். தங்கள் இணைப்பிதழ் பாம்பனுக்கு வருவதில்லை. முகவரைக் கேட்டால், வருகிற பேப்பர்க் கட்டுக்குள் நாளிதழ் மட்டும்தான் இருக்கிறது, இணைப்பு ராமநாதபுரத்தோடு சரி என்கிறார். எங்களைப் பற்றி எழுதுவதை நாங்களும் படிக்கும்படி, அடுத்த இணைப்பில் முப்பது பிரதி பாம்பன் கட்டுக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். முப்பது அதிகம் என்றால் இருபது போதும்.

இப்படிக்கு,
பி.பி.ஏ. படித்த கருவாட்டு வியாபாரி,
பாம்பன்.

பின்குறிப்பு: போன முறை நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். இம்முறையும் இடமில்லை என்றால் பஸ் பத்தியை எடுத்துவிடுங்கள். வலைக் கணக்கில் கை வைக்க வேண்டாம்.