சாண்டா மோனிகாவில் படிக்கும் மகளுக்கு

ஃப்ரீமாண்ட்,
பிப்ரவரி 2026

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தம்பி வழக்கம்போலப் பரீட்சைக்கு முதல் நாள்தான் புத்தகத்தைத் தேடுகிறான். அத்தை வீட்டு விசேஷத்துக்கு நீ வராததைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா தக்க பதில் சொல்லிவிட்டாள். அதை நீ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். தொலைபேசியில் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் நீ நிதானமாகப் படித்துப் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் முன்பே சொன்னதைத்தான் மறுபடியும் சொல்கிறேன். எந்த வகுப்பில் இடம் இருக்கிறது, எந்த ஆசிரியர் தாராளமாகக் கிரேடு போடுகிறார், எந்த வகுப்பு கடை வேலை நேரத்துக்கு ஒத்துவரும் என்று பார்த்துப் பாடம் எடுக்காதே. உன் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு முடித்ததும் யூசியில், அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், எந்த வளாகத்தில் எந்தப் பட்டத்துக்குப் போகப் போகிறாய் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி, அங்கே மூன்றாம் ஆண்டில் நுழைகிறவர்கள் எவற்றையெல்லாம் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்களோ அவற்றை அதன் கீழே எழுதி, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு செமஸ்டராக நிரப்பிக்கொண்டு வா. அசிஸ்ட் தளத்தில் உன் கல்லூரியையும் நீ போக விரும்பும் வளாகத்தையும் கொடுத்தால், இங்கே படிக்கும் எந்தப் பாடம் அங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு என்று ஒரு பக்கம் அவர்களுடையதும் மறுபக்கம் உங்களுடையதுமாகப் பட்டியல் வருகிறது. சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு அதைத்தான் நான் வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பார்த்ததில் தெரிந்துகொண்டது இது. 'பிசினஸ்' என்று நீ ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறாய். ஆனால் யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவில் இளநிலையில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற பட்டமே இல்லை, பிசினஸ் எகனாமிக்ஸ்தான் இருக்கிறது. டேவிஸில் அது மேனேஜீரியல் எகனாமிக்ஸ்; சாண்டா குரூஸில் பிசினஸ் மேனேஜ்மென்ட் எகனாமிக்ஸ்; இர்வைனில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற பெயரிலேயே இருக்கிறது; பெர்க்லியில் ஹாஸ் என்னும் பிசினஸ் பள்ளி. பெயர்கள் இப்படி மாறினாலும், மைக்ரோ, மேக்ரோ என்ற இரண்டு பொருளாதாரப் பாடங்களும் கால்குலஸும் இவை எல்லாவற்றுக்கும் வேண்டியிருக்கின்றன. யூசிஎல்ஏ இரண்டு பருவக் கால்குலஸ் கேட்கிறது. வணிக மாணவர்களுக்கென்று நடத்தும் கால்குலஸ் போதும் என்று சில வளாகங்கள் சொல்கின்றன. சில, அறிவியல் மாணவர்கள் எடுக்கும் வரிசையைக் கேட்கின்றன. கால்குலஸே வேண்டாம் என்று சொல்லும் பட்டியல் ஒன்றையும் இவற்றில் நான் பார்க்கவில்லை.

உன் அறைத் தோழி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தால் கணக்குப் பாடத்தின் தொல்லை அதோடு தீர்ந்தது என்று சொன்னதாக நவம்பரில் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாய். அன்றிலிருந்து அது என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அவள் சொன்னது பொய் அல்ல. பொதுக்கல்விப் பட்டியலில் உள்ள கணிதப் பகுதிக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போதும். யூசி கேட்கும் குறைந்தபட்சத் தகுதிக்கும் அது போதும். உளவியலோ சமூகவியலோ படிக்கப்போகும் பிள்ளை பெரும்பாலும் அதை நம்பிப் போகலாம். நீ கேட்கும் பட்டத்துக்கு அது போதாது. குறைந்தபட்சத் தகுதி என்பது விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொள்வதற்கு மட்டுமே. அந்தத் துறையில் இடம் கொடுப்பதற்கு அவர்கள் பார்ப்பது துறைக்கான முன்பாடங்களையும் அவற்றில் வாங்கிய கிரேடுகளையும்தான். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு வருடம் படித்து, யூனிட் என்னும் பாட அளவில் அறுபதும் சேர்த்துவிட்டு, கடைசியில் வாசலில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அத்தை மகன் கொடுத்த பழைய பட்டியலைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடு. அவன் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தான். ஆனால் அது அவன் காலத்து ஐஜிஇடிசி என்னும் பொதுக்கல்விப் பாடப் பட்டியல். 2025 ஆகஸ்டில் தொடங்கிய ஃபால் செமஸ்டரில் சேர்ந்த உனக்கு, அதற்குப் பதிலாக வந்த கால்-ஜிஇடிசிதான் பொருந்தும். அவன் யூசிக்கு மட்டும் போனதால் மேடைப் பேச்சு வகுப்பு அவனுக்குத் தேவைப்படவில்லை. உனக்கு அது வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கவும் வேண்டும். பாடக் குறியீடுகளும் மாறியிருக்கின்றன: எல்லாக் கம்யூனிட்டி காலேஜுக்கும் பொதுவான எண் வந்து, இங்லீஷ் சி1000, ஸ்டாட் சி1000 என்று போடுகிறார்கள். பழைய தாளை வைத்துக்கொண்டு தேடினால் பாடமே கிடைக்காது, அல்லது வேறு ஏதோ கிடைக்கும்.

அக்கவுண்டிங் பாடத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து இந்த ஊருக்கு வந்த முதல் கோடையில், சமையலறை மேசையில் என் பழைய பேரேட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து, இருப்பாய்வில் ஒன்பது டாலர் உதைக்கிறது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்து, 54 என்று இருக்க வேண்டிய இடத்தில் 45 என்று எழுதியிருந்ததை நீதான் விரல் வைத்துக் காட்டினாய். கிடங்கில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கு வராத பெண் இல்லை நீ. அதனால்தான் கால்குலஸ் என்றதும் பேச்சை மாற்றுகிறாயே, அது எனக்குப் புரியவில்லை.

டிசம்பரில் கிரேடு வந்தபோது இங்கிலீஷ், மைக்ரோ எகனாமிக்ஸ், அறிமுக பிசினஸ் மூன்றையும் சொன்னாய். மூன்றும் நல்ல கிரேடு. அம்மா அன்று பாயசம் வைத்தாள். ஆகஸ்டில் யூனிட்டுக்கு 46 டாலர் வீதம் நாம் கட்டிய ரசீதில் நான்கு பாடங்கள் இருந்தன. பணத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை என்பதை நீ முதலில் நம்ப வேண்டும். கணக்கு எழுதுகிறவன் கண்ணில் இப்படிப்பட்டவை பட்டுவிடுகின்றன. பட்ட பிறகு கேட்காமல் இருப்பதும் எனக்குக் கடினமாக இருக்கிறது, கேட்பதும் கடினமாக இருக்கிறது.

அதனால் பொதுவாக ஒன்றை எழுதி வைக்கிறேன். யாருக்குப் பொருந்துமோ அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மாணவி முதல் செமஸ்டரில் கால்குலஸ் வகுப்பைத் தொடக்க வாரங்கள் தாண்டிய பிறகு, கெடுவுக்குள் கைவிட்டிருந்தால், அவளுடைய சான்றிதழில் 'டபிள்யூ' என்று விழும். அது சராசரியில் சேராது. ஒரு 'டபிள்யூ'வைப் பார்த்து எந்தப் பல்கலைக்கழகமும் முகம் சுளிக்காது. ஆனால் ஒரே பாடத்தை மூன்று முறைக்கு மேல் எடுக்கப் பொதுவாக அனுமதி இல்லை, கைவிட்டதும் ஒரு முறையாகவே எண்ணப்படும் என்பதால், அடுத்த முறை ஆயத்தத்தோடு உட்கார வேண்டும். அவள் இந்த மாதம் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டரில் முதல் பாகத்தையும், கோடையிலோ வரும் ஃபாலிலோ இரண்டாம் பாகத்தையும் முடித்தால், 2027 ஃபாலில் வளாகம் மாறுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதை மறுபடியும் படித்துப் பார்: நேரம் இருக்கிறது. ஸ்பிரிங்கையும் விட்டுவிட்டால்தான் சிக்கல், ஏனென்றால் முதல் பாகத்தை முடிக்காமல் இரண்டாம் பாகத்தில் சேர்க்கமாட்டார்கள். விழுப்புரத்தில் இணைப்பு வண்டியை விட்டவர்களைப் போல, பின்னால் வரும் ஒவ்வொன்றும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். கும்பகோணம் சித்தப்பா விஷயத்தில் நடந்தது உனக்குத் தெரியும். தாத்தாவிடம் சொல்லப் பயந்தே அவர் ஒரு அரியரை மூன்று வருடம் மறைத்தார்.

தேதிகளையும் எழுதிவிடுகிறேன். யூசியின் டாக் என்னும் உறுதிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க செப்டம்பர் 1 முதல் 30 வரை. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அதைப் போட முடியும். யூசிஎல்ஏ, பெர்க்லி, சான் டியாகோ மூன்றும் அதில் இல்லை. எந்தப் பட்டத்துக்கு டாக் உண்டு, எந்தப் பட்டத்துக்கு இல்லை என்பது வளாகத்துக்கு வளாகம் வேறுபடும் என்பதால் அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லா வளாகங்களுக்குமான பொது விண்ணப்பம் அக்டோபரிலும் நவம்பரிலும். ஜனவரியில் ஃபால் கிரேடுகளைச் சேர்த்து விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதை மறந்து இடத்தை இழந்தவர்கள் உண்டு. 2027 ஸ்பிரிங் முடிவதற்குள் அறுபது யூனிட் சேர்ந்திருக்க வேண்டும்.

யூசிஎல்ஏ ஒன்றைத்தான் அப்பா ஏற்பார் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. நார்த்ரிட்ஜிலோ லாங் பீச்சிலோ கால் ஸ்டேட் என்னும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் எனக்குப் பெருமைதான். பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனில் டிரான்ஸ்ஃபருக்கான, அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான, இரண்டாண்டு அசோசியேட் பட்டம் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வழி இருக்கிறது. அதை முடித்தால் கால் ஸ்டேட் வளாகங்களில் ஏதேனும் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி; அங்கே இன்னும் அறுபது யூனிட்டில் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் 'ஏதேனும் ஒன்றில்' என்பதைக் கவனி. நாம் கேட்ட வளாகத்தில்தான் என்று அந்த உறுதி சொல்லவில்லை. பிசினஸுக்குக் கூட்டம் அதிகமுள்ள வளாகங்கள் அதற்கு மேலும் சலித்துத்தான் எடுக்கின்றன. அந்தப் பட்டத்தின் கணிதப் பாடத்துக்கு எந்தெந்த வகுப்பை உன் கல்லூரி ஏற்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள். கணக்கை விட்டு ஓடுவதற்காக அந்த வழியில் போகாதே. அந்த வழி உனக்குப் பிடித்திருந்தால் போ.

லிவர்மோர் கோவிலில் யாரோ எந்த யூனிவர்சிட்டி என்று கேட்டதும், நீ கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்லிவிட்டு வீடு வரும்வரை பேசாமல் வந்ததை நான் மறக்கவில்லை. இரண்டு ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு பல்கலைக்கழகத்தில் என்பது கலிபோர்னியா 1960இல் உயர்கல்விக்கென்று பெருந்திட்டம் போட்டபோதே வகுத்த பாதை. நடக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. உன் கல்லூரியிலிருந்து யூசிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துத்தானே வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போக நான் சம்மதித்தேன். அம்மா அன்று சம்மதிக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும். அவளுக்கு நான் கொடுத்த வாக்கை நீதான் காப்பாற்ற வேண்டும்.

கடை வேலையைப் பற்றி. மேனேஜர் உன்னை ஷிஃப்ட் பொறுப்பாளராக்கப் போகிறார் என்று அவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்னாய். பொறுப்பைக் கேட்டு வாங்கும் பிள்ளை என்று எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதற்காகக் கூடுதல் நேரம் என்றால், அந்த நேரம் எந்த வகுப்பிலிருந்து போகும் என்று எண்ணிப் பார். அந்த மேனேஜர் சொன்னார் என்று குவிக்புக்ஸ், சில்லறை விற்பனை நிர்வாகம் போன்ற வகுப்புகளை இப்போது எடுக்காதே. வேலைக்கு அவை நல்ல பாடங்கள்தான். ஆனால் தொழில்முறைப் பாடங்களில் பல கால் ஸ்டேட்டில் மட்டும் செல்லும், யூசியில் யூனிட்டாகவே எண்ணப்படாது. எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாடத்துக்கும் அது யூசிக்குச் செல்லுமா, துறைப் பட்டியலில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார். பணம் போதவில்லை என்றால் சொல். அறை வாடகையில் இன்னும் கொஞ்சம் நான் சேர்த்துக் கொடுக்கிறேன். பணத்துக்காக நீ வகுப்பை விடுவது எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி நடுவில் வகுப்பு தொடங்குகிறது. அதற்கு முன் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, அசிஸ்ட் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், நான்கு செமஸ்டருக்கும் கல்வித் திட்டத்தை எழுத்தில் வாங்கு. வாய்ப்பேச்சோடு எழுந்து வராதே. கால்குலஸ் வகுப்பு நிறைந்துவிட்டது என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு முதல் நாளே வகுப்பில் போய் உட்கார், இடம் காலியாகும். கணிதத்துக்கென்று கல்லூரியிலேயே இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் மையம் இருக்கும், வெட்கப்படாமல் போ. அதுவும் போதவில்லை என்றால், தம்பிக்குச் சொல்லித்தரும் பையன் இணையவழியில் உனக்கும் வாரம் இரண்டு மணி நேரம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவனிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை.

வகுப்பில் சேர்ந்ததும் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. கடந்த செமஸ்டரைப் பற்றி நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்; சொல்லாவிட்டால் அம்மாவிடம் நானும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஊறுகாயும் பருப்புப்பொடியும் வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா