பேய்க்கும் நான்கெல்லை உண்டு

வாரத்தில் ஆறு நாள் இரவு 9:30 மணிக்கு ஒளிபரப்பாகும் அமானுஷ்யத் தொடரின் கதாசிரியர், இயக்குநர், தயாரிப்பாளர் ஆகியோருக்கும், அதை ஒளிபரப்பும் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பிரிவினருக்கும் ஒரு பார்வையாளர் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். கடந்த 26 ஆண்டுகளாக இராயபுரத்தில் பத்திர எழுத்தராகத் தொழில் செய்துவருகிறேன். உங்கள் தொடரை முதல் நாளிலிருந்து என் தாயாரும் நானும் என் மகளும் ஒரு நாள்கூட விடாமல் பார்த்துவருகிறோம். தொடரின் பெயரை இம்மடலில் நான் எழுதப்போவதில்லை. காட்சிகளைச் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. பேய்க்கதை என்றாலே முகம் சுளிப்பவர்களில் ஒருத்தியாக என்னை எண்ணிவிட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய்க்கதை பிடிக்கும். நன்றாகச் சொல்லப்பட்ட பேய்க்கதைக்காக இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் குடும்பம் எங்களுடையது.

ஐப்பசி மாதத்தில் நீங்கள் ஒளிபரப்பிய மின்வெட்டுக் காட்சியை நாங்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். கிணற்றில் விழுந்து இறந்த மூத்த மருமகள் தோட்டத்திலும் மாட்டுக்கொட்டிலிலும் திண்ணையிலும் உலவலாம், ஆனால் பூட்டிப் பாட்டி நிலைப்படிக்கடியில் இரும்பாணி அறைந்து வைத்திருப்பதால், உள்ளேயிருக்கும் ஒருவர் வாய்திறந்து அழைத்தாலொழிய அவளால் வீட்டுக்குள் கால்வைக்க முடியாது என்று தொடக்கத்திலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தீர்கள். அன்றிரவு இளைய மருமகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். வெளியூர் போயிருக்கும் கணவனின் குரல் திண்ணையிலிருந்து அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறது. சற்றுக் கழித்து இரண்டாம் முறை அழைக்கிறது. இராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறை கேட்கும்வரை வாய்திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்கள் தெருவில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். அவளும் தாழ்ப்பாளில் கைவைத்தபடி மூன்றாவது அழைப்புக்காகக் காத்து நிற்கிறாள். அந்த அழைப்பு வரவே இல்லை. பின்னணி இசை கிடையாது. குழாயிலிருந்து அண்டாவில் நீர் சொட்டும் ஓசை மட்டுமே கேட்டது. தொடர் முடிந்து விளம்பரம் ஓடத் தொடங்கிய பின்பும் நாங்கள் மூவரும் பேசவில்லை. எண்பதைத் தொடும் என் தாயார் மெல்ல எழுந்துபோய், எங்கள் வாசற்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். அந்த ஒரு காட்சிக்காக உங்கள் அனைவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

தை மாதத்தில் அதே மூத்த மருமகள் சமையலறைக்குள் நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. நிலைப்படிக்கடியிலிருந்த ஆணியை யாரும் பிடுங்கவுமில்லை. மறுநாள் மாடியில் பறந்தாள். அதற்கடுத்த வாரம் கண்ணிலிருந்து ஒளி பாய்ச்சும் நாகம் ஒன்று வந்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. அவள் உள்ளே வந்தது எப்படி என்று வீட்டிலிருந்த கதாபாத்திரங்களில் ஒருவராவது கேட்பார்கள் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் எங்கள் வீட்டில் பயம் வற்றிப்போயிற்று. அவள் எங்கும் வரலாம், எதையும் செய்யலாம் என்றான பிறகு, அவள் எங்கே வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான்.

என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு மனையைக் கிரயம் செய்துகொடுக்கும் பத்திரத்தில், கிழக்கே இன்னாருடைய வீடு, மேற்கே பொதுவழி, வடக்கே, தெற்கே என்று நான்கெல்லையும் எழுதப்படாவிட்டால் அந்தச் சொத்து எதுவென்றே யாருக்கும் விளங்காது. அதேபோல், தாய்ப்பத்திரத்தில் இல்லாத ஓரடி நிலத்தைக்கூட அடுத்துவரும் கிரயப் பத்திரத்தில் சேர்த்து எழுத முடியாது. எழுதினால் அது வில்லங்கம். உங்கள் தொடரின் முதல் இருபது நாள்கள்தாம் அதன் தாய்ப்பத்திரம். பேய்க்கு எந்த எல்லை என்பதை அதில் எழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டீர்கள். நாங்களும் சாட்சிக் கையொப்பம் போட்டோம். நடுவில் எல்லையை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு என்றாலும், மாற்றுவதைக் கதைக்குள்ளேயே எழுதிப் பதிவுசெய்ய வேண்டாமா?

இது நான் புதிதாகச் சொல்லும் விதியன்று. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழிவாங்க நீலி பேயாகத் தேடிவரும் வணிகன் கையில் மந்திரித்த கத்தி இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. அந்தக் கதையின் அச்சமெல்லாம் இந்த ஒரு தடையில்தான் இருக்கிறது. அதனால் அவள் பேயாக வராமல், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, கணவனால் கைவிடப்பட்ட மனைவியாக ஊர்ச்சபையில் வந்து நிற்கிறாள். இவள் என் மனைவியில்லை, பேய் என்று வணிகன் கதறுகிறான். வேளாளர் 70 பேரும் விசாரித்து, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஓர் இல்லத்தில் தங்கவைக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலி எந்த விதியையும் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்லவர்கள் தங்கள் கையாலேயே கத்தியை வாங்கிக்கொள்ளும்படி செய்தாள். சட்டமும் சபையும் சாட்சியும் முறைப்படி நடந்தும் ஒரு மனிதன் சாகிறான் என்பதை நினைக்கும்போது, பிணைப்பத்திரம் எழுதும் எனக்கு இன்றும் உள்ளங்கை சில்லிடுகிறது.

புகார் நகரத்து நாற்சந்தியில் நின்று தீயோரைத் தண்டித்த சதுக்கபூதத்துக்கும் எல்லை இருந்தது. பொய்ச்சாட்சி சொன்னவனை அது பாசக்கயிற்றால் கட்டிப் பிடித்தபோது, அவனுடைய தாயின் அழுகையைப் பொறுக்காமல் கோவலன் தன்னுயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லி முன்வருகிறான். கீழ்மகன் ஒருவனுக்கு மாற்றாக நல்லுயிரை வாங்குவது தன் முறையன்று என்று பூதம் மறுத்துவிடுவதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தானாக வந்து விழுந்த இரையைக்கூட வேண்டாம் என்ற அந்தப் பூதத்தின் பக்கத்தில் உங்கள் மூத்த மருமகளை நிறுத்திப் பார்க்கிறேன்.

வாரம் ஒரு முறை எழுதுவதும், வாரம் ஆறு முறை எழுதுவதும் ஒன்றில்லை என்பதை அறிவேன். 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வாரந்தோறும்தான் வந்தது. தவறு செய்தவரைக் கருப்பு தண்டிக்கும் என்னும் ஊர்நம்பிக்கையின்மேல் அதன் ‘விடாது கருப்பு’ பகுதியைப் பொறுமையாகக் கட்ட அவர்களுக்கு நேரம் இருந்தது. வியாழக்கிழமைதோறும் டி.ஆர்.பி. எண்ணை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்த நேரம் இல்லை. இருந்தாலும் மின்வெட்டுக் காட்சியை எடுத்தவர்களும் நீங்கள்தானே. அதற்கு நாகம் தேவைப்படவில்லை, பறக்கும் வித்தையும் தேவைப்படவில்லை. அண்டாவில் சொட்டும் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

இதுவரை சொன்னது ஏமாற்றம். இனிச் சொல்வது மனவருத்தம்.

தை கடைசியில் ஒரு மந்திரவாதியைக் கொண்டுவந்தீர்கள். காசிமேட்டுக் குப்பத்தில் இருக்கிறான் என்று வசனத்திலேயே சொல்லி, காயும் வலைகளையும் படகுகளையும் காட்டிவிட்டு, அவனுக்குக் காளி வேடம் போட்டீர்கள்: சிவந்த முகம், வெளியே நீட்டிய நாக்கு, கபால மாலை, கையில் சூலம். மாசி அமாவாசை இரவில் மேளதாளத்தோடு சுடுகாட்டுக்குப் போகும் கூட்டம் அவனுடைய சீடர்களாம். அங்கே ஒரு குழந்தையைப் பலிகொடுக்கப் போகிறார்களாம். அது எந்தத் திருவிழாவைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பதை வடசென்னையில் சிறுபிள்ளைகூடச் சொல்லும். சிவராத்திரியை ஒட்டி மாசி அமாவாசையில் அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் மயானக் கொள்ளைதான் அது.

எங்கள் தெருவில் ஆண்டுதோறும் காளி வேடம் கட்டுபவர் எதிர்வீட்டுக்காரர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ்பெட்டி சுமப்பது அவர் தொழில். காப்புக் கட்டிய நாளிலிருந்து கறி, மீன், மது எதையும் தொடமாட்டார், பாயில் படுக்கமாட்டார். முகத்துக்கு வண்ணம் பூசும் இரண்டு மணி நேரமும் ஒரு சொல் பேசமாட்டார். ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வரும்போது என் பேரனை அழைத்து அவன் கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுப்பது, அவன் நடக்கத் தொடங்கிய ஆண்டு முதல் வழக்கம். இந்த ஆண்டு பம்பைச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அவன் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டான். எவ்வளவு அழைத்தும் வரவில்லை. இரவு எல்லாம் முடிந்து, காதோரத்தில் சிவப்பு இன்னும் போகாத முகத்தோடு, லுங்கியும் துண்டுமாக அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பீரோ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை நீட்டினார். ஒன்பது வயதுப் பிள்ளை உள்ளேயிருந்து கேட்டான்: “மாமா, அந்தக் கொழந்தைய என்னா பண்ணீங்க?”

அவர் எதுவும் பேசவில்லை. பழத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரவு 9:30 மணிக்கு அவன் தூங்கிவிடுவான். ஞாயிறு முற்பகலில் வாரத் தொகுப்பாக நீங்கள் செய்யும் மறுஒளிபரப்பில்தான் அதைப் பார்த்திருக்கிறான். கவனியாமல் விட்டது எங்கள் தவறும்தான். 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6ஆம் விதி, குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகள் கூடாது என்கிறது. மூடநம்பிக்கையை ஊக்குவிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. 2021 திருத்தத்தின்படி நான் முறைப்படி புகார் கொடுத்தால் 15 நாளுக்குள் நீங்கள் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த வழியில் நான் போகவில்லை. மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எவரேனும் வெட்டத் தொடங்கினால், மின்வெட்டுக் காட்சியும் அதில் போய்விடும். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

மயானக் கொள்ளையின் கதையையாவது யாரிடமாவது கேட்டிருக்கலாம். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மகபாலம், அவருக்கு இடும் உணவையெல்லாம் தானே தின்று பசியடங்காமல் இருக்கிறது. அம்மன் மயானத்தில் உணவை வாரி இறைக்கிறாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டு இறங்குகிறது. அது மறுபடி ஏறிக்கொள்ளாதபடி அவள் பேருருவம் கொண்டு மிதித்து அடக்குகிறாள். விடாமல் பற்றிய ஒரு பசி, அதை இறங்கவைக்க ஓர் உபாயம், மீண்டும் ஏறவிடாத ஒரு கட்டு என்று ஒரு பேய்க்கதைக்கு வேண்டிய யாவும் இதில் இருக்கின்றன. நீங்கள் குழந்தையைப் பலிகொடுக்கும் இடமாகக் காட்டிய அதே மயானத்தில்தான், பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் மடியேந்தி நின்று, இறைக்கப்படும் கொழுக்கட்டையையும் சுண்டலையும் வாங்கிக்கொள்கிறார்கள். என் தாயாரும் ஒரு மாசியில் அப்படி நின்றவர். அதன் பின் பிறந்தவள் நான்.

எங்கள் பக்கத்துச் சுடுகாட்டைப் புகையும் மண்டையோடுமாக மட்டுமே காட்டுகிறீர்கள். மூலக்கொத்தளம் மயானத்தில் 1939ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமாகியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் சனவரி 25 அன்று அங்கே மாலை வைக்கப்படுகிறது. என் தந்தையார் என்னை முதன்முதலில் மயானத்துக்குக் கைப்பிடித்து அழைத்துப்போனது அதைக் காட்டத்தான்.

உங்களிடம் நான் கேட்பவை இரண்டு. அந்த மந்திரவாதிக் காட்சிகளை இனி மறுஒளிபரப்பில் சேர்க்க வேண்டாம். இணையத்தில் இருக்கும் பதிவிலிருந்தும் நீக்கிவிடுங்கள். இது எதிர்வீட்டுக்காரருக்காக.

மற்றொன்று என் தாயாருக்காக. மூத்த மருமகள் எப்படி உள்ளே வந்தாள் என்பதற்கு நான் விடை தேடுவதை விட்டுவிட்டாலும் அவர் விடவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், தொட்டிலில் கிடந்த குழந்தை சன்னல் பக்கம் திரும்பி “மா” என்று சிரித்தது. அப்போது சன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. நீங்கள் அதை வேறெதற்கோ எடுத்திருக்கலாம். உள்ளேயிருந்த ஒருவர் வாய்திறந்து அழைத்ததாகவே என் தாயார் அதைக் கொள்கிறார். பேசத் தெரியாத பிள்ளையின் அழைப்பு அழைப்பாகுமா ஆகாதா என்று அவரும் என் மகளும் ஒவ்வோர் இரவும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை எழுதுங்கள். நாங்கள் இன்னும் 9:30 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறோம்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை