திரும்பி வந்த சக்கரம்

மக்களே,

நீ கொடுத்துவிட்ட பொட்டலம் வந்து சேர்ந்தது. தெக்கு வீட்டுப் பையன் திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கேதான் வந்தான். பேரீச்சம்பழத்தை அம்மை அன்றைக்கே அக்கம்பக்கம் பங்கு வைத்துவிட்டாள். ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும் என்று பையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். சரி, உனக்கு வேலை நெருக்கடியாக இருக்கும்.

நாணயங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியும், வந்த கையோடு எதையும் ஆல்பத்தில் ஏற்ற மாட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மேஜையில் அந்த வெல்வெட் துணியை விரித்து, ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். ஓமானின் 25 பைசாவும் 50 பைசாவும் நல்ல நிலையில் இருக்கின்றன. குறுவாளும் அதன் குறுக்கே போகும் இரண்டு வாள்களும் துல்லியமாகத் தெரிகின்றன. பிறகு தராசில் வைத்து எடை குறித்து, தனித்தனிக் காகித உறையில் போட்டு, மற்றவற்றோடு சேர்க்காமல் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் அங்கேயே கிடக்கட்டும். இந்த மழை ஈரத்தில் செம்பில் மாவு மாதிரி பச்சை பூக்க ஆரம்பித்தால் அப்புறம் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். அம்மை வழக்கம்போலப் புளியோடு வந்து நின்றாள். விளக்கைத் துலக்குவது போலத் துலக்கினால் பளபளக்கும், நாணயத்தின் மதிப்பு போய்விடும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. நீயும் அங்கே எதையும் தேய்க்காதே.

பொட்டலத்தில் கடைசியாக இருந்தது நம் சக்கரம், அந்தப் பழைய திருவிதாங்கூர் நாணயம். தாத்தா மடியில் முடிந்து வைத்திருந்தது, நீ மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது நான் உன் பர்சில் வைத்தது. வெள்ளிச் சக்கரம் ரொம்பப் பொடிசு, விரலில் நிற்காது, அந்தக் காலத்தில் குழி போட்ட பலகையில் பரப்பித்தான் எண்ணுவார்கள். எங்கேயாவது தொலைத்துவிடுவாய் என்றுதான் இந்தச் செம்புச் சக்கரத்தைத் தந்தேன். அதையும் லென்ஸில் பார்த்தேன். சங்கின் வரிகள் நன்றாக மழுங்கியிருக்கின்றன, விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. பச்சையாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது. பர்சின் பிளாஸ்டிக் அறையில் நாள்பட்டுக் கிடந்தால் அப்படித்தான் ஆகும். அசிட்டோனில் போட்டெடுத்தேன், போய்விட்டது. அப்படியென்றால் இத்தனை வருடமும் பர்சில்தான் வைத்திருந்திருக்கிறாய். சந்தோஷமாக இருந்தது. அம்மையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள்தான் கேட்டாள், "அப்புறம் எதுக்கு எடுத்துத் தந்து விட்டான்?" என்று.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே, 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாய். வெள்ளிக் காசில் கொல்லம் ஆண்டைப் பார்த்துவிட்டு 825-ஐக் கூட்டி இங்கிலீஷ் வருஷம் சொல்வாய். குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் நாணயக் கடைக்காரர் கேட்டுவிட்டு ஒரு காசைச் சும்மாவே உன் கையில் வைத்தார். இன்றைக்கும் டீக்கடையில் அதைச் சொல்லாமல் நான் எழுந்து வருவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது வீட்டுக்கு ஒரு போன் போட நேரமில்லை. உன் தங்கச்சி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் கூப்பிடுகிறாள்.

தெக்கு வீட்டுப் பையனுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிட்டவில்லையாம், இழுத்தடிக்கிறார்களாம். உன்னைப் பற்றிக் கேட்டேன். டீயைக் குடித்துவிட்டு, ஊரில் மழை அதிகம் போலிருக்கிறதே என்றான்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். முடை வந்தால் நாணயத்தை விற்கப் போகக் கூடாது. அவசரத்துக்கு விற்பவன் முகத்தைப் பார்த்தே வாங்குகிறவன் விலையைப் பாதியாக்கிவிடுவான். அப்படி ஒரு அவசரம் என்றால் வீட்டில் சொல்ல வேண்டும். மழையில் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறதுதான், ஆனால் உன் பணத்தை நம்பி இங்கே அடுப்பு எரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கு வர வேண்டும் என்றால் வந்துவிடு, டிக்கெட்டுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தெருவில் கேட்டால் லீவு என்று சொல்லிக்கொள்ளலாம். சாப்பாட்டை மட்டும் விடாதே.

பேரேட்டில் ஓமான் நாணயங்களுக்குத் தேதி, எடை, வந்த வழி எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். சக்கரத்துக்குப் பழைய வரியே இருக்கிறது, "மகனிடம்" என்று. அதன் கீழே வந்த தேதியைப் போட்டேன். என்ன காரணம் என்று எழுத இடம் விட்டிருக்கிறேன்.

பையன் அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறான். ஏத்தங்காய் சிப்ஸும், அம்மை இடித்த மிளகாய்ப் பொடியும் கொடுத்துவிடுகிறோம். சக்கரத்தையும் அதோடு வைக்கவா, இங்கேயே இருக்கட்டுமா என்று அதற்குள் கூப்பிட்டுச் சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, முதலில் அம்மையிடம் பேசு.

அப்பா